கடைசிச் சீட்டுக்கு இரண்டு மூட்டை

கிளர்ச்சி செய்வதும் ஒரு தொழில்தான். மற்றத் தொழில்களில் வேலை முடிந்த பிறகு கூலி கிடைக்கும், இதில் வேலை தொடங்கியவுடன் மறியல்சிறை கிடைக்கும். நான் அந்தத் தொழிலுக்கு வந்தது வெள்ளைக்காரன் காலத்தில், தலைமன்னார் இறங்குதுறையில் மூட்டை சுமந்துகொண்டிருந்தபோது. பிறந்த ஊர் ஓலைத்தொடுவாய். பள்ளிக்கூடத்தில் இருந்தது கொஞ்சக் காலம். அக்கரையான இந்தியாவிலிருந்து கப்பலில் வருகிறவர்கள் வாசித்துவிட்டு எறிந்த துண்டுப்பிரசுரங்கள்தான் என்னைப் படிப்பித்தன. அதனால் அநியாயங்களை வரிசைப்படுத்தாமல் எந்தக் கதையையும் தொடங்க எனக்குத் தெரியாது. நீங்களும் எதையாவது சுமந்தவர்கள்தான், பொறுத்துக்கொள்வீர்கள்.

முதலாவது அநியாயம்: கப்பல் வரும்வரை நாங்கள் ஒதுங்கியிருந்த ஓலைக் கொட்டிலை, துறையின் மூட்டை வேலையை எடுத்து நடத்திய குத்தகைக்காரர் பறித்து, அதில் கருவாட்டுச் சிப்பங்களை அடுக்கினார். கருவாட்டுக்கு நிழல், எங்களுக்கு வெயில்.

இரண்டாவது அநியாயம்: "நானும் வேலை செய்தேன்" என்று பின்னேரம் எவனும் கூலிக்கு வாதாடக்கூடாதென்று ஒரு சட்டம் போட்டார். காலையில் கங்காணி பேர் கூப்பிடுவார். துறைமுகக் கந்தோர் என்கிற அலுவலகத்துக் கிளாக்கர் ஒருவரும் சுங்கப் பியோன் ஒருவரும் சாட்சியாக நிற்பார்கள். சாட்சிகள் கேட்கக் கூப்பிட்ட பேருக்கு "ஓம்" என்று பதில் வந்தால் வேலை. கூப்பிடாத பேருக்கு வீடு.

மூன்றாவது அநியாயம்: கொட்டிலிலிருந்து வடிந்த கருவாட்டுத் தண்ணீர் ஏறுபலகையில் ஊறிக் கிடந்தது. அதில் வழுக்கி, எங்களோடு மூட்டை சுமந்த, எல்லாருக்கும் அண்ணன் முறையான அப்துல் கபூர் காக்கா விழுந்தார். முழங்கால் சிரட்டை உடைந்தது. "சீட்டு விளையாடித் திரிகிறவன் விழத்தான் செய்வான்" என்று சொல்லி, குத்தகைக்காரர் அவருடைய பேரை வெட்டினார்.

அந்தப் பேரைத் திரும்பக் கூப்பிட வைப்பதற்கு நாங்கள் பட்ட பாடுதான் இந்தக் கதை. அதில் எனக்குக் கைகொடுத்தவை துண்டுப்பிரசுரங்கள் அல்ல. குத்தகைக்காரர் பழித்த அதே சீட்டுத்தான். கடைசிச் சீட்டு விழுந்துவிட்டது, இனிப் பந்தயம் கட்டுவதா, சும்மா இருப்பதா? இந்த ஒரு கேள்வியை நான் மார்க்கத்துக்கு அடுத்தபடியாக யோசித்திருக்கிறேன்.

வாகன் நிழல்

கொட்டில் போன பிறகு எங்களுக்குக் கிடைத்த நிழல் கூட்ஸ் ரயில் வாகன்களின் நிழல். தண்டவாளத்தில் நிற்கும் வாகனின் ஓரத்தில் குந்தியிருந்து, கப்பல் தெரியும்வரை முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடுவோம். இடையில் இயந்திரம் வந்து வாகனை இழுத்துக்கொண்டு போய்விடும். நாங்களும் கையில் சீட்டைப் பிடித்தபடி நிழலின் பின்னால் ஓடுவோம். இயந்திரத்தை ஓட்டியவர் ஒரு பறங்கியர். எங்கள் ஓட்டத்தைப் பார்த்துச் சிரித்துச் சிரித்து ஒருநாள் இறங்கி வந்தார். எங்கள் சீட்டை வாங்கி, தங்கள் விடுதியில் ஆடும் ஆட்டத்தைக் காட்டித் தந்தார். ஒரு சீட்டு கவிழ்ந்திருக்கும். அது அவரவருக்கு மட்டும் தெரியும். பிறகு நாலு சீட்டு ஒவ்வொன்றாக, எல்லாரும் பார்க்க மலர்ந்து விழும். ஒவ்வொரு சீட்டு விழுந்ததும் பந்தயம் கட்டலாம், சும்மாவும் விடலாம். ஒருவன் கட்டினால் மற்றவன் அதே அளவு போட்டுப் பார்க்க வேண்டும், அல்லது கவிழ்த்துவிட்டு விலக வேண்டும்.

எங்களிடம் காசு ஏது? மூட்டையை வைத்து ஆடினோம். ஒரு சிப்பி ஓடு ஒரு மூட்டை. கப்பல் வந்ததும் தோற்றவன் வென்றவனுக்காகவும் சேர்த்துச் சுமப்பான்; வென்றவன் அவ்வளவு நேரம் நிழலில் இருப்பான். முதல் இரண்டு சீட்டுக்கும் ஒரு மூட்டைதான் கட்டலாம், பிந்திய இரண்டுக்கும் இரண்டு மூட்டை. அதற்கு மேல் கட்ட முடியாது. ஒருவன் கூட்டினாலும் அந்த அளவில்தான் கூட்டலாம். எனக்கு அது பிடிக்கவில்லை. நான் வாசித்த பிரசுரங்களில் எல்லாரும் இருப்பதையெல்லாம் ஒரேயடியாகக் கட்டுகிறவர்கள். "எல்லை எதற்கு? துணிந்தவன் எல்லாத்தையும் கட்டட்டும்" என்றேன். டிரைவர் என் தோளில் மூட்டை உரசிய தழும்பைப் பார்த்தார்.

"எல்லை இல்லாட்டி துணிஞ்சவன் வெல்லுவான், மேன். எல்லை இருந்தா யோசிக்கிறவன் வெல்லுவான். நீ ரெண்டில ஆர் எண்டு நீதான் சொல்லவேணும்."

ஆரிட்டைக் கேட்டனீங்கள்?

கபூர் காக்கா விழுவதற்கு முந்திய காலம் இது. எங்களுக்குள் மிகக் குறைவாகப் பேசுகிறவர், மிகக் குறைவாகச் சுமக்கிறவரும் அவர்தான். சோம்பல் அல்ல, சீட்டில் அவரை வெல்ல ஆள் இல்லை. ஒருநாள் என் முன்னால் திறந்து கிடந்தவை ராசா, பத்து, மறுபடி ராசா. கடைசிச் சீட்டு பத்து விழுந்தது. இரண்டு சோடி, எல்லார் கண்ணுக்கும் முன்னால். நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நல்ல சீட்டு வந்தால் கட்டத்தானே வேண்டும்? இரண்டு ஓடுகளைத் தள்ளினேன். ஒருவர் கவிழ்த்தார். இன்னொருவர் கவிழ்த்தார். கபூர் காக்கா மட்டும் தன் முன்னால் திறந்து கிடந்த ஒரு சோடி ஏழைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இரண்டு ஓடு போட்டார், மேலே இரண்டு கூட்டினார். விட்டுக்கொடுக்க மனமில்லாமல் நானும் போட்டேன். அவருடைய கவிழ்ந்த சீட்டு மூன்றாவது ஏழு; ஒரே சீட்டு மூன்று சேர்ந்தால் இரண்டு சோடியை வெல்லும்.

அன்று அவருக்காக வெங்காய மூட்டை சுமந்தபடியே யோசித்தேன். என் சீட்டு நல்ல சீட்டுத்தான். அதைக் கட்டியதால் எனக்கு என்ன வர முடியும் என்று நான் கேட்டுப் பார்க்கவில்லை. கூட்டங்களிலும் இப்படித்தான் நடக்கிறது. நாங்கள் உரத்து முழங்கும்போது அஞ்சுகிறவன் ஏற்கெனவே அஞ்சியவன். அஞ்சாதவனுக்கு நாங்கள் தயாராக நேரம் கொடுக்கிறோம். நிழலில் இருந்த காக்கா, நான் திரும்பி வந்தபோது வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்:

"தம்பி, உங்களுக்குத் தோக்கிற ஆக்கள் எல்லாம் எழும்பிப் போயிட்டாங்க. உங்களை வெல்லுறவன் மட்டும்தான் இருந்தவன். நீங்க ஆரிட்டை மூட்டை கேட்டனீங்க?"

பஸ்தியானின் சிலுவை

பேசாலைப் பஸ்தியான் கபூர் காக்காவுக்கு நேர் எதிர். கடைசிச் சீட்டு விழுந்ததும் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டு, ஓடுகளைச் சத்தமாக அடித்து வைப்பான். பார்த்தால் ஆண்டவரே அவனுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து சீட்டுப் பார்க்கிற மாதிரி இருக்கும். நாங்கள் நெடுநாளாக அந்தச் சிலுவைக்கு மரியாதை கொடுத்து விலகினோம்.

ஒருநாள் என்னிடம் ஒரு சோடி எட்டு மட்டும். நடுவில் பத்து ஓடு கிடந்தது. பஸ்தியான் சிலுவை போட்டு இரண்டு கட்டினான். என் கை கவிழ்க்கப் போனது, நிறுத்தினேன். இங்கே நான் கட்டுகிறவன் அல்ல, பார்க்கிறவன். பார்க்க இரண்டு, கிடைத்தால் பன்னிரண்டு. ஆறு முறை தோற்று ஏழாம் முறை வென்றாலும் என் தோளுக்கு நட்டம் இல்லை. எல்லை கட்டிய ஆட்டத்தில் பார்ப்பது மலிவு, பயந்து விலகுவதுதான் விலை கூடியது. இதை உணர எனக்கு அவ்வளவு காலம் எடுத்தது. பார்த்தேன். அவனிடம் ஒரு சோடிகூட இல்லை. "ஏன்டா, பொய்க்கும் சிலுவையோ?" என்று கேட்டேன். அவன் கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

"நல்ல சீட்டு வந்தா நானே வெல்லுவன். அதுக்கும் ஏன் அண்ணை ஆண்டவரைக் கரைச்சல்படுத்துவான்?"

கங்காணியாரின் இருமல்

கந்தையாக் கங்காணியார் கட்டுக்கரைப் பக்கத்து வயற்காரர். மழை பொய்த்த வருடத்தில் துறைக்கு வந்து அப்படியே நின்றுவிட்டவர். காலையில் பேர் கூப்பிடும்போது கையில் தாள் இருக்கும்; கண் கடலில் இருக்கும். எல்லாப் பேரும் அவருக்கு வாய்ப்பாடம். ஒரு பேர், எங்கள் "ஓம்", ஒரு மூச்சு, அடுத்த பேர். வருடக்கணக்காக அதே வரிசை, அதே ராகம். கபூர் காக்காவின் பேரை வெட்டினபோது தாளிலிருந்துதான் வெட்ட முடிந்தது, அவருடைய நாக்கிலிருந்து வெட்ட முடியவில்லை. அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். "சந்தியாகு." "ஓம்." பிறகு ஓர் இருமல். "சேகு." "ஓம்."

கபூர் காக்கா ஒவ்வொரு காலையும் தடியை ஊன்றிக்கொண்டு வந்து, கப்பல் கயிறு கட்டும் இரும்புக் குற்றியில் இருப்பார். மூட்டை சுமக்கக் கேட்கவில்லை. கிழிந்த மூட்டைகளைத் தைக்கும் வேலை துறையில் எப்போதும் உண்டு, இருந்தபடியே செய்யலாம். அதைத்தான் கேட்டார். பேர் இல்லாதவனுக்கு ஊசியும் இல்லை என்றார் குத்தகைக்காரர். அடுத்த பெருநாளுக்குள் பேர் திரும்பாவிட்டால், பெண்சாதி பிள்ளைகளோடு முள்ளிக்குளத்தில் மச்சான் வீட்டுக்குப் போய் ஒண்ட வேண்டியதுதான். தன் பேர் வரும் இடத்தில் இருமல் வருவதைக் கேட்டுக்கொண்டிருப்பார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒருநாள் கங்காணியாரை மறித்து, "இவ்வளவு நாளாய் இருமுறியள், மருந்து ஒண்டும் குடிக்கேல்லையோ?" என்று கேட்டேன். அவர் அக்கம்பக்கம் பார்த்தார்.

"மருந்து குடிச்சா என்ர வேலை போயிடும், தம்பி. இப்ப இந்த இருமலுக்குத்தான் எனக்குச் சம்பளம்."

திங்கட்கிழமைக் கப்பல்

மனுக் கொடுத்தோம், கூட்டம் கூடினோம். பலகையில் மணல் போடக் குத்தகைக்காரர் சம்மதித்தார். பேர் மட்டும் முடியாது என்றார். பிறகு ஒரு சனிக்கிழமை காலையில் வந்து நின்று, "இனி அந்தப் பேரை எடுத்தால், திங்கட்கிழமைக் கப்பலில் அக்கரையிலிருந்து ஆள் இறக்குவேன். உங்கள் எல்லாருடைய பேரையும் வெட்டுவேன்" என்றார். போனவர் திரும்பி வந்து அதையே சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் இன்னொரு தரம் வந்து சொன்னார்.

அன்று வாகன் நிழலில் ஒருவரும் சீட்டை எடுக்கவில்லை. "இண்டைக்கே எல்லாத்தையும் போட்டிட்டு நடப்பம், அண்ணை. கப்பல் சரக்கோட கிடந்து நாறட்டும்" என்று பஸ்தியான் குதித்தான். உண்மையைச் சொன்னால் என் இரத்தமும் அதைத்தான் கேட்டது. வேலைநிறுத்தம் என்ற சொல்லை வாயில் எடுத்தாலே நான் அரை அடி உயர்ந்துவிடுவேன். ஆனால் ராசாவும் பத்தும் நினைவுக்கு வந்தன. நாங்கள் இன்று நடந்தால் யார் எங்களுக்குப் பதில் சொல்வான்? குத்தகைக்காரரிடம் ஆள் இல்லை என்றால், "நான் சும்மா சொன்னேன், வாருங்கள்" என்று சிரித்து மழுப்பிவிடுவார். காக்காவின் பேர் வெட்டினபடியே கிடக்கும். ஆள் இருந்தால், நாங்கள் நடந்ததைக் காட்டியே எல்லார் பேரையும் வெட்டுவார். எப்படிப் பார்த்தாலும், எங்கள் பந்தயத்துக்கு ஆசையோடு பதில் சொல்லப்போகிறவன் எங்களை வெல்லுகிறவன் மட்டும்தான்.

அப்படியென்றால் விலகுவதா? விலகினால் நடுவில் கிடப்பது ஒரு மனிதனின் பேர். ஆகவே மிஞ்சியது ஒன்று: பார்ப்பது. அவருடைய கவிழ்ந்த சீட்டைத்தான் எங்களுக்குத் தெரியாது, திறந்தவை எல்லாம் முன்னால் கிடந்தன. அத்தனை பேர் வந்தால் படுக்க ஒரு கொட்டில் வேண்டும், கொட்டிலில் இன்னும் கருவாடுதான். குடிக்கத் தண்ணீர்ப் பீப்பாய் வேண்டும், ஒரு பீப்பாய்கூடப் புதிதாக உருண்டு வரவில்லை. சோற்றுக்குக் கிடாரம் இல்லை, சமையலுக்கு ஆள் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே பேச்சை மூன்று தரம் வந்து சொன்னார். அது பஸ்தியானின் சிலுவை. இதைச் சொன்னதும் பஸ்தியானே சிரித்துவிட்டான்.

திங்கட்கிழமை எல்லாரும் வழமைபோல் வருவது, வரிசையில் நிற்பது, கபூர் காக்காவின் பேர் வரும்வரை ஒருவரும் "ஓம்" சொல்லாமல் இருப்பது என்று தீர்மானித்தோம். எத்தனை நாளைக்கு என்று யாரோ கேட்டார்கள். "வெல்லும்வரை" என்று சொல்ல நான் வாய் திறந்தேன். அதற்கு முன் காக்கா தடியால் மணலில் ஒரு கோடு கீறினார்.

"ஒரு காலமைக்குத்தான், தம்பி. அதுக்கு மேல ஒருத்தன்ட பிள்ளையும் எனக்காகப் பட்டினி கிடக்கக் கூடாது. ரெண்டு மூட்டைக்கு மேல என்னை வெச்சுக் கட்டாதீங்க."

பதில் இல்லாத பேர்கள்

திங்கட்கிழமை கப்பல் வந்து துறையில் கட்டியது. இறங்கினவர்கள் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகிற சனம்: மூட்டை முடிச்சு, கைக்குழந்தை, பித்தளைச் செம்பு. நேரே ரயிலுக்கு நடந்தார்கள். எங்களுக்குப் பதிலாக மூட்டை சுமக்க ஒருவனும் இறங்கவில்லை. குத்தகைக்காரர் எங்கள் பக்கம் திரும்பாமல், "அடுத்த கப்பலில் வருவார்கள்" என்றார். கிளாக்கரும் பியோனும் தங்கள் இடத்தில் நின்றார்கள். காக்கா இரும்புக் குற்றியில் இருந்தார்.

"அந்தோனி" என்றார் கங்காணியார். பதில் இல்லை. அந்தோனி எனக்குப் பக்கத்தில்தான் நின்றான். கங்காணியார் தாளைப் பார்த்தார், கடலைப் பார்த்தார். இன்னொரு பேர். பதில் இல்லை. நாலைந்து பேருக்கு இப்படியே போனது. சரக்கு இறக்க ஆள் எங்கே என்று கப்பலிலிருந்து ஒருவன் கத்தத் தொடங்கினான். குத்தகைக்காரருக்கு வியர்த்தது. "நிற்காமல் கூப்பிடும்! பதிலைப் பற்றி உமக்கென்ன? கூப்பிடும்!" என்று கங்காணியாரை உறுக்கினார்.

கங்காணியார் நிற்காமல் கூப்பிட்டார். அந்த மனிதருடைய இருமல் குடியிருந்த இடம் எங்கள் "ஓம்" என்பதற்கும் அடுத்த பேருக்கும் நடுவிலிருந்த ஒரு மூச்சு. "ஓம்" இல்லை, மூச்சும் இல்லை. பழைய ராகம் மட்டும் அவரை இழுத்துக்கொண்டு ஓடியது. "சந்தியாகு, அப்துல் கபூர், சேகு..."

நின்றுவிட்டார். துறையே நின்றது. அடுத்த கணம் வரிசை முழுவதும் ஒரே குரலில் "ஓம்!" என்றது. காக்கா மட்டும் அசையவில்லை. பஸ்தியான் ஓடிப்போய்த் தோளைத் தொட்டு, "காக்கா, உங்கட பேர். பதில் சொல்லுங்கோ!" என்றான். அவர் தடியை ஊன்றி மெதுவாக எழும்பினார். "ஓம்" என்றார். "வந்தனான்."

"கந்தையா! இருமலை எங்கே விட்டனீர்?" என்று குத்தகைக்காரர் அலறினார். துறையில் சிரிக்காதவன் இல்லை. தோட்டத்துக்குப் போகிற சனம்கூட என்னவென்று தெரியாமல் நின்று சிரித்தது.

இதை நான் முன்பே திட்டமிட்டதாகப் பேசாலையில் இன்றும் சொல்கிறார்கள்; நான் மறுப்பதில்லை, எனக்கு வேறு சொத்து இல்லை. கங்காணியாரின் நாக்குத் தவறியதா, அவர் தவறவிட்டாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. வெகுநாள் கழித்து, அவர் வேலையை விட்டு வயலுக்குத் திரும்பிய பிறகு கேட்டேன். எங்கள் ஆட்டத்தை எத்தனையோ நாள் பின்னால் நின்று பார்த்த மனிதர் அவர். "கவிழ்ந்த சீட்டைப் பாக்கிறதெண்டா முதல் ரெண்டு மூட்டை போடும், தம்பி" என்று சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்தார். கபூர் காக்கா அன்று பின்னேரமே ஊசியும் நூலுமாகக் குந்திவிட்டார். மறுநாளும் இருமல் வரவில்லை. சாட்சிகள் கேட்ட பேரை மறுபடி வெட்டுவதென்றால் கந்தோருக்குக் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொல்லப் போனால் கருவாட்டுத் தண்ணீரும் கூடவே வடியும். குத்தகைக்காரர் அதைப் பார்க்க விரும்பவில்லை.

ஆனால் அன்று காலையில் இது ஒன்றும் முடிவாகவில்லை. "வாய்த் தவறு அது! கணக்கில் எடுக்கக்கூடாது!" என்று குத்தகைக்காரர் கிளாக்கரிடம் போனார். கிளாக்கர் அதுவரை எங்கள் முகத்தை ஒருநாளும் நிமிர்ந்து பார்க்காத மனிதர். பியோனைக் கேட்டார்: "நீ கேட்டனியோ?" "கேட்டனான், ஐயா." "பதில்?" "அதுவும் கேட்டனான்." கிளாக்கர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். "சட்டம் நீங்கள் போட்ட சட்டம். கேட்ட பேரைச் சொல்லத்தானே எங்களை இதிலை நிப்பாட்டியிருக்கிறியள்?" என்று சொல்லி எங்கள் பக்கம் திரும்பினார்.

இத்தனை வருடக் கிளர்ச்சியில் நான் முழுதாக வென்ற ஒரே ஆட்டத்தில் நான் கட்டவும் இல்லை, வாதாட வாய் திறக்கவும் இல்லை, திறந்தவர் கந்தோர்க் கிளாக்கர் ஒருவர்தான், பியோன் பக்கத்தில் நிற்க, துறையும் கப்பலும் கேட்க: "அப்துல் கபூர்."